தையல் இல்லாத, கழற்றி மாட்டும் உடைகளால் துணிக் கழிவு குறையுமா?

தையலே இல்லாமலும் பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டும்படியும் உடை வடிவமைத்தால் துணிக் கழிவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணி தைக்கிறவள் நான். குறையும். ஆனால் இரண்டும் ஒரே வழி அல்ல, சில இடங்களில் ஒன்றுக்கொன்று எதிராகவே போகும்.

தையல் இல்லாத உடை குறைப்பது வெட்டும்போது விழும் கழிவை. கழுத்து, கைக்குழி என்று வளைத்து வெட்டுவதில் துணியில் சுமார் 15 சதவீதம் துண்டாகப் போகும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995-இல் கொண்டுவந்த ஹோல்கார்மென்ட் இயந்திரத்தில் வெட்டு என்பதே கிடையாது. உடம்புக்கு ஒரு குழாய், கைகளுக்கு இரண்டு என மூன்றையும் ஒரே நேரத்தில் பின்னிக்கொண்டு போய் அக்குளில் சேர்த்துவிடும்.

நல்ல வேலைதான். ஆனால் அது பின்னலாடைக்குத்தான் சரிப்படும், தறியில் நெய்த துணிக்கு அல்ல. அப்புறம், தையல் இருந்தால்தானே பிரித்துவிட முடியும்? கல்யாண ஜாக்கெட்டில் உள்ளே துணி விட்டுத் தைப்போம். குழந்தை பிறந்தபின், "அக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று அதையே கொண்டு வருவார்கள். தையல் இல்லாத உடையில் அந்த வசதி கிடையாது.

கழற்றி மாட்டும் உடை குறைப்பது வீட்டில் சேரும் கழிவை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் சுடிதார் டாப்பில் முதலில் போவது அக்குள்தான். மற்ற இடமெல்லாம் புதிதுபோல இருக்கும், ஆனால் மொத்தமும் தரை துடைக்கப் போய்விடும். கையை மட்டும் மாற்ற முடிந்தால், அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்து அதை மட்டும் மாற்ற முடிந்தால், எவ்வளவோ மிச்சம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இது. இடுப்பில் சுற்றும் முண்டும் மேலே போடும் நேரியதும் இங்கே பாட்டிமார் உடுத்தது. தறியிலிருந்து இறங்கிய இரண்டு துண்டு, வெட்டுக் கழிவே இல்லை. நேரியது கிழிந்தால் வேறு நேரியது.

இப்போதைய உடையில் அதைச் செய்வதற்குச் சிக்கல்கள் உண்டு. புதுக் கையும் வெளுத்த உடம்பும் நிறம் சேராது. முதலிலேயே கைக்கு வேறு நிறம் கொடுத்துவிடுவதுதான் புத்தி. இணைப்புக்கு இரும்பு ஹூக் வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து, கறை துணியில் ஏறும். நாடா முடிச்சு அல்லது பிளாஸ்டிக் பட்டன் போதும். எல்லாவற்றையும்விடப் பெரியது கைக்குழி அளவு. ஒரு கம்பெனி வருடாவருடம் அதை மாற்றினால், இந்த வருடம் வாங்கிய கை போன வருட டாப்பில் உட்காராது. வடிவமைக்கிறவர் முதலில் உறுதிசெய்ய வேண்டியது இதைத்தான், துணியின் அழகெல்லாம் பிறகு.

சோதித்துப் பார்க்க நினைத்தால் பள்ளி யூனிஃபார்மில் தொடங்குங்கள். ஒரே நிறம், ஒரே மாடல், அக்காவின் கை தங்கைக்கும் ஆகும். பள்ளிக்கூடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிறத்தை மாற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.