திரைக்குப் பின்னால்: வாசகர் கேள்விகள்

17-ம் நூற்றாண்டு ஸ்பானியப் போர்வீரனின் கதையான ‘அலத்ரிஸ்தே’ (2006) என்ற ஸ்பானியப் படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். செட்டிநாட்டுப் பக்கமிருந்துதான் கேள்விகள் அதிகம். வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுகிறவர்கள், துணி கொடுக்கிறவர்கள், கூட்டத்தில் நிற்கப் போகிறவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

ஸ்பானிய வீரனாக நடிக்க ஸ்பெயினில் ஆளே இல்லையா? நாயகனாக நடித்த விகோ மார்டென்சன் அமெரிக்கர் ஆயிற்றே, குரல் டப்பிங்கா? (வாசகர், காரைக்குடி)

டப்பிங் இல்லை, சொந்தக் குரல்தான். சிறுவயதில் அர்ஜென்டினாவில் வளர்ந்தவர் என்பதால் ஸ்பானிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொல்லை கொடுத்தது அந்த அர்ஜென்டினா வாடைதான். அங்கே ‘ய’ ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘ஷ’ ஒலிக்கும். வட ஸ்பெயின்காரர் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் எழுத்துகளை அர்ஜென்டினாக்காரர் வெறும் ‘ஸ’ என்று முடித்துவிடுவார். செட்டிநாட்டு வழக்கில் ‘அப்பச்சி’ என்று கூப்பிட வேண்டிய பாத்திரம் கொங்குப் பேச்சில் ‘ஏனுங்’ என்று இழுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதனால் தன் பாத்திரத்துக்கு வடக்கே லியோன் பகுதியைச் சொந்த ஊராக வைத்துக்கொண்டு, அந்த மலைக் கிராமங்களுக்கே போய்ப் பேச்சைக் காதால் கேட்டுப் பழகினார். அப்படியும் வசனம் முணுமுணுப்பாக இருக்கிறது என்று அங்கே சிலர் குறை சொன்னார்கள். எங்களுக்கு அந்த அடக்கமான பேச்சு பிடித்தே இருந்தது.

பணக்கணக்கும் உண்டு. சுமார் 2 கோடியே 40 லட்சம் யூரோ போட்டு எடுத்த படம் ஸ்பெயினுக்கு வெளியேயும் விலைபோக வேண்டும், அதற்குத் தெரிந்த முகம் ஒன்று தேவை. மற்றபடி பெரும்பாலானோர் ஸ்பானியர்கள். சிசிலிக்கார வாள்வீரனாக வரும் என்ரிகோ லோ வெர்சோ, நிஜத்திலேயே சிசிலியின் பலேர்மோவில் பிறந்தவர்.

கத்தோலிக்கச் சமய விசாரணை மன்றத் துறவியாக வருபவர் பெண் என்கிறார்களே? (வாசகி, தேவகோட்டை)

ஆம், பிளாங்கா போர்ட்டில்யோ. அதே 2006-ல் வேறொரு படத்துக்காகக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதைச் சக நடிகைகளோடு பகிர்ந்துகொண்டவர். மழித்த முகம், உச்சியில் மழித்த தலை, உடம்பை மூடும் அங்கி என்று வேடமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதியைக் கண்ணும் குரலும் பார்த்துக்கொள்கின்றன.

கத்திச்சண்டையில் நிஜ வாள்களா? (வாசகர், திருப்பத்தூர்)

ஒரே வாளுக்கு மூன்று பிரதி செய்வது இந்தத் தொழிலின் வழக்கம். முகத்துக்கு அருகில் காட்ட முனை மழுங்கிய எஃகு, மோதிச் சண்டையிட அலுமினியக் கலவை, ஓடுவதற்கும் விழுவதற்கும் ரப்பர். அக்கால ஸ்பானிய வாளின் அலகு ஏறக்குறைய ஒரு மீட்டர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நாள் முழுக்க எஃகைச் சுழற்றினால் மணிக்கட்டு போய்விடும். அலுமினியத்தில் வேறு தொல்லை. மோதும் இடமெல்லாம் பல் விழுந்து பிசிறு நிற்கும், அது கையைக் கிழிக்கும். அதனால் சில டேக்குக்கு ஒருமுறை ஆயுதப் பொறுப்பாளர் வாளை வாங்கி அரம் போட்டுத்தான் திருப்பித் தருவார். ‘டங்’ என்ற ஓசையும் அலுமினியத்தில் வராது, அது பின்னால் சேர்ப்பது.

சண்டை அமைத்தவர் பாப் ஆண்டர்சன். 1952 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள் வீசியவர். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மோதிரக் கதையின் மூன்று பாகங்களிலும் மார்டென்சனுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. பழகிய குருவும் சீடனும் சேர்ந்ததால்தான் இந்தப் படத்தில் சண்டை ஆட்டமாகத் தெரியாமல், களைத்த இரண்டு பேர் உயிருக்கு முட்டிக்கொள்வதாகத் தெரிகிறது.

17-ம் நூற்றாண்டுக் கதை என்று சொல்லி எங்கள் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்கிறார்கள். பொருந்துமா? தரை கெடாமல் இருக்க என்ன செய்வது? (வீட்டுக்காரர், கானாடுகாத்தான்)

காலம் பொருந்தாது. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940-கள் வரை எழுந்தவை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமென்ட் சேர்த்துச் செய்வது. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும், கடல்கடந்து வியாபாரத்துக்குப் போன (‘கொண்டுவிக்க’ப் போன) காசில் வந்தவை. தரையும் வண்ணக் கண்ணாடியும் தெரியாத கோணமாக வைத்தால்தான் ஒப்பேறும். ஸ்பெயின்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. உபேதா, பயேசா போன்ற ஊர்களில் 16-ம் நூற்றாண்டுக் கட்டடங்கள் தெருத்தெருவாக நிற்கின்றன.

ஆனால் வளவு (வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றம்) தரும் வெளிச்சத்துக்கு ஈடில்லை. ‘அலத்ரிஸ்தே’யில் ஒளிப்பதிவாளர் பாக்கோ ஃபெமெனியா, அக்கால ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ஓவியங்களில் போல ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழவைத்து மறுபாதியை இருட்டில் விட்டிருப்பார். வளவை ஒட்டிய அறையில் ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து ஆளை வாசற்படிக்கு நாலடி உள்ளே உட்காரவையுங்கள், விளக்கே இல்லாமல் அது கிடைக்கும். வெயில் நகர்ந்துகொண்டே இருப்பதால் வளவுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். கட்டாவிட்டால் பத்து மணி ஷாட்டும் பன்னிரண்டு மணி ஷாட்டும் ஒட்டாது.

தரைக்கு வருவோம். முதலில் நன்றாகப் பெருக்க வேண்டும். பலகைக்கு அடியில் ஒரு மணல் சிக்கினாலும் கல்லில் கோடு விழும். பிறகு கெட்டி ஜமுக்காளம், அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட். ஒட்டும் டேப்பைப் பலகைக்கும் பலகைக்கும் மட்டும் போடட்டும், கல்லில் வேண்டாம். பசை ஏறினால் உரிக்கும்போது மெருகும் சேர்ந்து உரிந்து வரும். ஸ்டாண்ட் கால்களுக்கு ரப்பர் மூடி கட்டாயம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணியும் இருபக்க டேப்பும் கூடவே கூடாது. பளிங்குபோல் வழவழக்கும் அந்த மேல்பூச்சு தகடாக உரிந்துவிடும், அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. புகை போடுவார்கள். எண்ணெய்ப் புகை சுவரில் படலமாகப் படியும், தண்ணீர்க் கலவை என்றால் மட்டும் சம்மதியுங்கள். மெழுகுவத்திகளை மர விதானத்துக்குக் கீழே கொத்தாக ஏற்றவிடாதீர்கள். ஜெனரேட்டர் தெருவில் நிற்கட்டும். யூனிட் இறங்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் தேதியோடு படமெடுத்து, முன்பணத்தோடு அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு எல்லாம் அந்தக் கையெழுத்து இருந்தால்தான் செல்லும்.

புதுத் துணியைப் பழசாக்க என்ன வழி? கைத்தறி எடுபடுமா? (நெசவாளர், காரைக்குடி)

கைத்தறிப் பருத்திதான் எடுபடும். பாலியெஸ்டர் சாயம் பிடிக்காது. ‘அலத்ரிஸ்தே’ ஸ்பெயினின் திரைப்பட விருதுகளான கோயா விருதுகளில் 15 பிரிவுகளில் போட்டியிட்டு மூன்றை வென்றது. கலை இயக்கம், உடை, தயாரிப்பு மேற்பார்வை ஆகிய மூன்றுமே திரைக்குப் பின்னால் உள்ளவர்களுக்கு. உடை விருது பிரான்செஸ்கா சார்த்தோரிக்கு. அந்த வீரர்களின் சட்டைக் கழுத்தைப் பாருங்கள், மாதக்கணக்கில் சம்பளம் வராதவன் கழுத்து அது.

முதலில் ஓர் இரவு ஊறவைத்துக் கஞ்சியை முழுக்க எடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகத்தான் சாயம் ஏறும். 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் தேயிலைத் தூள் போட்டு 15 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு பிடி உப்போடு அரை மணி நேரம் துணியை அமிழ்த்துங்கள். அலுமினியம் அல்லது எவர்சில்வர் பாத்திரமாக இருக்கட்டும். இரும்புச் சட்டியோ இரும்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ பட்டால் பழுப்புக்குப் பதில் சாம்பல் கறுப்பு வரும். காயும் முன்பே பைகளில் கூழாங்கல் போட்டுத் தொங்கவிட்டால் துணி தொய்யும். முழங்கை, கழுத்து, கைவிளிம்பு மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். எல்லா இடமும் ஒரேமாதிரி தேய்ந்தால் பொய் தெரிந்துவிடும். பலர் கோட்டை விடுவது தையல் நூலில். பாலியெஸ்டர் நூல் தேயிலையில் நிறம் மாறாமல் வெள்ளையாகப் பளிச்சிடும். தைக்கும்போதே பருத்தி நூல் கேளுங்கள். சண்டைக்காட்சி உடை என்றால் நாலு பிரதியாவது வேண்டும், அழுக்கின் அளவு வாரியாக எண் போட்டுக் கட்டிக் கொடுங்கள்.

போர்க் காட்சியில் கூட்டமாக நிற்க ஏஜென்ட் ஆள் கேட்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், பள்ளத்தூர்)

ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். 1643-ல் ஸ்பெயினும் பிரான்சும் மோதிய ரொக்ருவா போரை ‘அலத்ரிஸ்தே’யில் ஈட்டிக்காரர்களின் நடுவில் கேமராவை வைத்தே எடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 5 மீட்டர் நீள ஈட்டிகள் வானத்தை அடைத்துவிட்டால் பின்னால் எத்தனை வரிசை என்று யாரும் எண்ண மாட்டார்கள். முன்வரிசைக்கு முழு வேடம், பின்வரிசைக்குத் தொப்பியும் தோள்துணியும். முன்வரிசை கிடைத்தால் பேட்டா கூடுதலாகக் கேட்கலாம்.

பச்சை குத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைக்கடிகாரத் தடம் வெளிறியிருந்தால் ஒப்பனைக்காரரிடம் காட்டுங்கள். மடியில் செல்போன் வேண்டாம், ஓடும்போது ஈட்டியை விட்டுவிட்டு அதைப் பிடிக்கத்தான் கை போகும். கண்டினியுட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் பார்ப்பவர் முதல் நாளே உங்களைப் படமெடுத்து வைத்திருப்பார். வேலை முடியும்வரை சலூன் பக்கம் போகாதீர்கள்.