மோட்சப் பிரயாணத்தின் ஓவியங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாசிக்கப்படுகிறது. எங்களிடம் உள்ள பழைய பிரதியில் கருமை படிந்த சில படங்கள் உள்ளன. இந்நூலுக்கு முதன்முதலில் படம் வரையப்பட்டது எப்போது? ஆசிரியர் உயிரோடிருந்தபோதே படங்கள் வந்துவிட்டனவா?
— வாசகர், பாளையங்கோட்டை

ஆம், அவர் காலத்திலேயே வந்துவிட்டன. நூலின் முதற்பாகத்தை லண்டனில் நத்தானியேல் பாண்டர் என்ற பதிப்பாளர் 1678இல் வெளியிட்டார். மறு ஆண்டிலேயே வந்த மூன்றாம் பதிப்பின் முகப்பில் ராபர்ட் ஒயிட் என்ற ஓவியரின் படம் இடம்பெற்றது. அதில் பன்யன் கையில் தலையைச் சாய்த்துக் கண்மூடியிருக்கிறார். அவருக்குக் கீழே ஒரு குகையும் அதற்குள் ஒரு சிங்கமும் தெரிகின்றன. பின்னணியில், மோட்சத்தை நோக்கிப் பயணம் செய்யும் கதைநாயகன் கிறிஸ்தியான், முதுகில் சுமையும் கையில் புத்தகமுமாக மலைமேல் ஏறிச் செல்கிறான். கதை ஒரு கனவாகச் சொல்லப்படுகிறது என்பதையும், அந்தக் கனவைக் கண்டவர் யார் என்பதையும் வாசகர் ஏட்டைப் புரட்டும் முன்பே இந்த ஒரே படம் தெரிவித்துவிடுகிறது.

அந்தக் குகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவ்வுலகமாகிய வனாந்தரத்தில் நடந்துசென்றபோது ஒரு குகையைக் கண்டு அங்கே படுத்து உறங்கினேன் என்றுதான் பன்யன் கதையைத் தொடங்குகிறார். நூலின் ஓரக்குறிப்பு அந்தக் குகையைச் சிறை என்றே விளக்குகிறது. அரசு அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபர்டு சிறையில் கிடந்தவர் அவர். ஆகவே முகப்புப் படத்தின் குகை வெறும் அலங்காரமன்று.

1680இல் வந்த ஐந்தாம் பதிப்பில், பயண வழியிலுள்ள மாயச் சந்தை என்ற ஊரில் கிறிஸ்தியானின் துணைவன் எரித்துக் கொல்லப்படும் காட்சியும் சேர்க்கப்பட்டது. இன்னும் படங்கள் வேண்டும் என்று வாசகர்கள் கேட்டதால், விரும்புவோருக்கென 13 செப்புத்தகட்டுப் படங்களைத் தயாரித்திருப்பதாகப் பாண்டர் பின்னர் விளம்பரம் செய்தார். செப்புத்தகட்டுப் படங்களை எழுத்துகளோடு சேர்த்து அச்சிட இயலாது. தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பித் தனி உருளை அச்சில் அழுத்த வேண்டும் என்பதால் செலவு கூடும். மரத்தில் செதுக்கிய படமோ ஈய எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் அமர்ந்து ஒரே அழுத்தில் அச்சாகிவிடும். எளியவர்கள் வாங்கிய மலிவுப் பதிப்புகளில் மரச்செதுக்குப் படங்களே நிறைந்திருந்தமைக்கு இதுதான் காரணம். உங்கள் பிரதியின் படங்கள் கருமை படிந்திருப்பதைப் பார்த்தால், தேய்ந்த கட்டையிலோ அச்சிலோ எடுக்கப்பட்டவையாக இருக்கலாம்; தயவுசெய்து அவற்றைக் கழித்துவிடாதீர்கள்.

எத்தனையோ ஓவியர்கள் இந்நூலுக்குப் படம் வரைந்திருக்கிறார்கள். இவற்றில் எது நல்ல படம், எது சாதாரணமானது என்று எதைக் கொண்டு முடிவுசெய்வது? எல்லாமே உருவகம்தானே, ஓவியர் தம் விருப்பப்படி வரையலாம் அல்லவா?
— வாசகி, நாகர்கோவில்

உருவகம் என்பதாலேயே விருப்பப்படி வரையலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன். பன்யன் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் வளர்ந்தவர். பொருள்களைத் தொட்டுப் பார்த்துப் பழகியவர். அவர் எழுத்தில் பாவம், மனந்திரும்புதல், சோதனை ஆகிய யாவும் கந்தலாகவும் சேறாகவும் இரும்பாகவும்தான் வருகின்றன. ஓவியர் வரைய வேண்டியவற்றை அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறார். அந்த வரிகளை ஊன்றிப் படித்தவரா என்பதுதான் என் முதல் சோதனை.

கிறிஸ்தியானின் உடையையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அவன் கந்தல் உடுத்தி நிற்கிறான். சிலுவையருகே அவன் முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டு, திறந்திருந்த கல்லறைக்குள் விழுந்து மறைந்ததும், ஒளிவீசும் மூவர் அவனிடம் வருகிறார்கள். ஒருவர் பாவமன்னிப்பை அறிவிக்கிறார். இரண்டாமவர் கந்தலைக் களைந்து மாற்றுடை அணிவிக்கிறார். மூன்றாமவர் நெற்றியில் அடையாளம் இட்டு முத்திரையிட்ட சுருளைக் கொடுக்கிறார். அதன் பின்னர், வழியிலுள்ள அரண்மனையில் அவனுக்குப் போராயுதங்கள் அணிவிக்கப்படுகின்றன. ஆகவே மூன்று கோலங்களில் ஒரே மனிதனை நாம் அடையாளம் காண வேண்டும். முதல் படத்திலேயே அவனுக்குக் கண்ணியமான மேலங்கியை மாட்டிவிட்ட ஓவியர், சிலுவையடியில் நடப்பது என்ன என்பதைக் காட்டும் வாய்ப்பைத் தாமே இழந்துவிடுகிறார்.

இதைவிடவும் நுட்பமான இடம், வழிமறிக்கும் அப்பொல்லியோன் என்ற கொடிய பேயோடு நடக்கும் போர். மீனுக்கு இருப்பது போன்ற செதில்கள், வலுசர்ப்பத்தின் சிறகுகள், கரடியின் கால்கள், வயிற்றிலிருந்து எழும் தீயும் புகையும், சிங்கத்தின் வாய் என அந்த உருவத்தைப் பன்யன் வருணிக்கிறார். ஓவியர்கள் அனைவரும் இதில் பெரும் உற்சாகம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு வாக்கியம் அதற்கு முன்பே உள்ளது. பகைவனைக் கண்டு அஞ்சிய கிறிஸ்தியான், திரும்பி ஓடுவதா நிற்பதா என்று எண்ணுகிறான். தன் முதுகுக்குக் கவசம் இல்லை, திரும்பினால் எளிதில் குத்துப்படுவோம் என்று உணர்ந்து, எதிர்த்து நிற்கத் துணிகிறான். அவன் நிற்பது அச்சமின்மையால் அன்று என்பதே அந்தக் காட்சியின் உயிர். உடல் முழுவதும் இரும்பு பூட்டிய அழகிய வீரனாக அவனை வரைந்துவிட்டால் அந்த உயிர் போய்விடுகிறது. அரை நாளுக்கும் மேல் நீளும் அந்தப் போரில் தலையிலும் கையிலும் காலிலும் காயம்பட்டு, வாளையும் கைதவறவிட்டுக் கீழே விழுகிறவன் அவன். அந்த நிலையில் அவனை வரைந்த எளிய மரச்செதுக்குப் படத்தையும், பளபளப்பான 19ஆம் நூற்றாண்டுப் படத்தைவிட நான் உயர்வாகவே மதிப்பேன்.

மனித முகங்களைப் பொறுத்தவரை சார்லஸ் பென்னெட் 1860இல் வெளியிட்ட படங்களைப் பரிந்துரைக்கிறேன். அப்பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் சார்லஸ் கிங்ஸ்லி. பிடிவாதம், உலக ஞானம், வாயாடித்தனம் ஆகியவற்றைப் பென்னெட் சின்னங்களாக வரையவில்லை. தெருவில் நாளும் எதிர்ப்படும் ஆள்களின் முகங்களாக வரைந்தார். பன்யனும் அப்படித்தான் எழுதினார். இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் ஜான் மார்ட்டின். ராபர்ட் சதே 1830இல் பதிப்பித்த நூலுக்காக அவர் வரைந்த மரணநிழலின் பள்ளத்தாக்கில் மனித உருவம் சிறுத்து, இருளும் பாறையுமே மேலோங்குகின்றன. அந்த அதிகாரத்துக்கு அது பொருந்துகிறது, மற்றவற்றுக்குப் பொருந்தாது.

வில்லியம் பிளேக் இந்நூலுக்கு வரைந்த ஓவியங்களைப் பற்றி அறிய விரும்புகிறேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

கவிஞரும் ஓவியருமான பிளேக் 1824இல் தொடங்கி வரைந்த 28 நீர்வண்ண ஓவியங்கள் உள்ளன. 1827இல் அவர் மறைந்தபோது அவை முற்றுப்பெறவில்லை. சிலவற்றில் பென்சில் கோடுகளே மேலோங்கித் தெரிகின்றன. சிலவற்றுக்கு அவருடைய மனைவி கேத்தரின் வண்ணம் தீட்டியிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அச்சேறாமல் இருந்து, 1941இல்தான் அவை நூலோடு சேர்ந்து வெளிவந்தன. நியூயார்க்கின் ஃபிரிக் கலைக்கூடத்தில் அவை நெடுங்காலம் இருந்தன.

முதல் ஓவியத்தைச் சற்று நின்று பாருங்கள். உறங்கும் கனவாளர், கீழே சிங்கம் என்று 1679ஆம் ஆண்டு முகப்புப் படத்தின் அமைப்பையே பிளேக் எடுத்துக்கொள்கிறார். ஆனால் உறங்குபவருக்கு மேலே பயணத்தின் காட்சிகளை வில்லாக வளைத்து வைக்கிறார். ஒயிட்டின் படத்தில் நமக்குத் தெரிவது ஒரே ஒரு பயணிதான். பிளேக்கிடமோ முழுப் பயணமும் ஒரே கணத்தில், கனவுக்கே உரிய முறையில் தெரிகிறது. மூலத்தை ஊன்றிப் படித்த பிறகே ஓவியர் அதை மீறலாம் என்று நான் எண்ணுவதற்கு இந்த ஓவியமே காரணம்.

புத்தகங்களுக்கு வெளியே இக்கதையின் ஓவியங்கள் உண்டா?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

உண்டு. லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் பன்யனின் சமாதியில் இரண்டு புடைப்புச் சிற்பங்கள் உள்ளன: ஒருபுறம் சுமையோடு புறப்படும் கிறிஸ்தியான், மறுபுறம் சிலுவையடியில் சுமை நீங்கியவன். பெட்ஃபர்டில் பன்யன் பெயரால் அமைந்த ஆலயத்துக்கு 1876இல் வழங்கப்பட்ட வெண்கலக் கதவுகளிலும் கதைக் காட்சிகள் வார்க்கப்பட்டுள்ளன.

வியப்பூட்டுவது அமெரிக்காவில் உள்ளது. நீண்ட துணியில் கதையை வரைந்து, இரு உருளைகளுக்கிடையே சுருட்டியபடியே காட்டி விளக்கம் சொல்லும் கேளிக்கை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பரவலாக இருந்தது. அவ்வகையில் 1851இல் இக்கதைக்காக வரையப்பட்ட துணி ஒன்று சுமார் 800 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. மறக்கப்பட்டுக் கிடந்த அதை மெயின் மாநிலத்தின் சாக்கோ அருங்காட்சியகத்தில் 1996இல் மீண்டும் கண்டெடுத்தார்கள்.

எங்கள் சபையின் சிறுவர்களுக்காக இக்கதையைச் சுருக்கிப் படங்களுடன் அச்சிட விரும்புகிறோம். ஆங்கிலேய உடையில் உள்ள பழைய படங்களைப் பயன்படுத்தலாமா, நம் ஊர் முகங்களோடு புதிதாக வரையச் சொல்லலாமா?
— ஓய்வுறு பள்ளித் தமிழாசிரியர், தூத்துக்குடி

புதிதாக வரையச் சொல்லுங்கள். நீங்கள் தயங்கத் தேவையில்லை. சீனாவின் கான்டன் நகரில் 1871இல் வந்த கான்டனியப் பதிப்பில் கிறிஸ்தியான் சீன உடையில்தான் நடக்கிறான். வீடுகளும் வாசல்களும் அந்நாட்டுப் பாணியிலேயே உள்ளன. தமிழில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை சொல்லால் செய்ததும் அதுவே. 1894இல் வெளியான அவருடைய இரட்சணிய யாத்திரிகத்தைத் தாங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள். பன்யனின் கதை அங்கே கம்பன் வழிவந்த காப்பிய நடையில் நம் மண்ணின் உடைமையாகிவிட்டது. அதற்கு ஈடாகத் தமிழ் ஓவியர் ஒருவர் முழுமையாக இக்கதையை வரைந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல்.

ஓவியரிடம் வெறும் கதைச்சுருக்கத்தைக் கொடுக்காமல் முழு நூலையும் கொடுங்கள். ஆறு படங்களுக்கே பணம் போதுமானால், கந்தலுடன் நிற்பவனுக்குச் சுவிசேஷகர் தொலைவிலுள்ள ஒளியைச் சுட்டும் காட்சி, உளைச்சேறு, சிலுவையடி, அப்பொல்லியோன், மாயச் சந்தை, இறுதியில் ஆற்றைக் கடக்கும் காட்சி ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். சுட்டும் காட்சியில் வாசலைப் பெரிதாக வரைய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். 'அந்தத் திட்டிவாசல் (சிறு நுழைவாயில்) தெரிகிறதா?' என்ற சுவிசேஷகரின் கேள்விக்குக் கிறிஸ்தியான் இல்லை என்கிறான். 'அந்த ஒளியாவது தெரிகிறதா?' என்றதற்கு, தெரிவது போலிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறான். அப்பொல்லியோனைக் கண்டு சிறுவர்கள் பயப்படுவார்களே என்று அவனைக் கேலிச்சித்திரமாக்கவும் வேண்டாம். பழைய படம் ஒன்றையாவது முகப்பில் சேர்க்க விரும்பினால் 1679ஆம் ஆண்டுப் படத்தைச் சேருங்கள். அதன் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் எந்த நிறுவனத்தின் நிழற்படத்திலிருந்து எடுக்கிறீர்களோ அதன் விதிகளை அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.