வரி இல்லாத மாநிலமா, குடும்பத்துக்கு ஏற்ற மாநிலமா?

அன்புள்ள தம்பிக்கு,

ஓஹையோவில் முதுகலைப் படிப்பை முடித்து, எச்-1பி விசாவும் கிடைத்துவிட்ட நிலையில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் ஒரு வேலையும் நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரு வேலையும் ஏறத்தாழ ஒரே சம்பளத்துக்கு, அதாவது ஆண்டுக்கு 1,30,000 டாலருக்கு, வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய்விடு என்று நண்பர்கள் சொல்வதாகவும், திருநெல்வேலியிலிருந்து மனைவியும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் இந்த ஆண்டு வந்து சேர இருப்பதால் முடிவெடுக்கத் தயங்குவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு மாநிலங்களிலும் குடும்பத்தோடு வாழ்ந்தவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் நிலையில் நான் எடிசனைத்தான் தேர்ந்தெடுப்பேன். டெக்சாஸ் மலிவு என்பது உண்மை. ஆனால் எவ்வளவு மலிவு, அந்த மிச்சத்தைப் பிடிக்க வீட்டில் யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

சம்பளத்தின் மீது மாநில வருமான வரி வசூலிக்காத மாநிலங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன், டென்னசி உட்பட ஒன்பது. டெக்சாஸில் 2019-ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து, தனிநபர் வருமான வரி விதிப்பதையே அரசியலமைப்பில் தடை செய்துவிட்டார்கள். ஆகவே அந்தச் சலுகை நாளைக்கே பறிபோய்விடும் என்ற அச்சம் வேண்டாம். மறுபக்கம், நியூ ஜெர்சியின் உச்ச விகிதம் 10.75 சதவீதம், கலிபோர்னியாவின் உச்ச விகிதம் 13.3 சதவீதம் என்று கேள்விப்படும்போது, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் போலிருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். அந்த விகிதங்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டும் பகுதிக்கு மட்டுமே உரியவை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்யும்போது, நியூ ஜெர்சியில் முதல் 20,000 டாலருக்கு 1.4 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 80,000 டாலரிலிருந்து 1,50,000 டாலர் வரையுள்ள பகுதிக்கு 5.525 சதவீதம் வரி. உங்கள் 1,30,000 டாலருக்கு இதைக் கணக்கிட்டால், எந்தக் கழிவும் இல்லாமலேயே சுமார் 4,400 டாலர்தான் வருகிறது. குடும்பத்தினருக்கான விலக்கையும், வாடகையில் 18 சதவீதத்தைச் சொத்து வரியாகக் கருதிக் கழித்துக்கொள்ளும் சலுகையையும் சேர்த்தால் 4,000 டாலருக்கு அருகில் நிற்கும். மாநிலக் காப்பீட்டு நிதிகளுக்காகச் சம்பளத்தில் பிடிக்கப்படும் சில நூறு டாலர்கள் தனி. ஆக, உங்கள் நண்பர்கள் பெரிதாகச் சொல்லும் அந்த வரி, மாதம் ஏறத்தாழ 400 டாலர். மத்திய அரசின் வருமான வரியும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தமும் எந்த ஊரில் இருந்தாலும் மாறப்போவதில்லை.

உண்மையில் வரியைவிட வாடகைதான் நியூ ஜெர்சியில் உங்களை அதிகம் வருத்தும். நல்ல பள்ளி உள்ள பகுதியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு, ஃபிரிஸ்கோவைவிட எடிசனில் மாதம் ஐந்நூறு டாலர் போலக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியும் வாடகையும் சேர்ந்தால் ஆண்டுக்குப் பத்து, பதினோராயிரம் டாலர் டெக்சாஸுக்குச் சாதகம். இனி எதிர்ப்பக்கக் கணக்கு. டார்ட் எனப்படும் டாலஸ் வட்டார ரயில் அமைப்பில் ஃபிரிஸ்கோ சேரவில்லை. அங்கே ஒரு குடும்பம் ஒரே காரை வைத்துக்கொண்டு வாழ்வது மிகவும் கடினம். இரண்டாவது காரின் தவணை, காப்பீடு, பெட்ரோல், பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏழாயிரம் டாலருக்குக் குறையாது என்பது என் மதிப்பீடு. அதோடு சுங்கச் சாலைக் கட்டணமும், 38 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும் கோடையில் ஏசி ஓயாமல் ஓடுவதால் வரும் மின்கட்டணமும் சேரும். பொருள்களின் மீதான விற்பனை வரி டெக்சாஸில் பெரும்பாலான நகரங்களில் 8.25 சதவீதம், நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம், உடைகளுக்கு அதுவும் இல்லை. இத்தனையையும் கழித்தபின், வாடகை வீட்டில் இருக்கும் வரை, டெக்சாஸில் உங்களுக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் டாலர். அதை அற்பம் என்று சொல்ல மாட்டேன். ஊருக்குப் போய்வர இரண்டு பேருக்கு விமானச் சீட்டு வாங்கும் பணம் அது.

அந்தப் பணத்துக்கு ஈடாக எடிசனில் என்ன கிடைக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் இந்த முடிவின் விளைவை நாள் முழுவதும் அனுபவிக்கப்போகிறவர் அவர்தான். எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் வருகிறவர், உங்களுடைய கிரீன் கார்டுக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 என்ற மனுவுக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை பொதுவாக வேலைக்குப் போக முடியாது. நிறுவனம் கிரீன் கார்டு நடைமுறையைத் தொடங்கி, அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் தொழிலாளர் சான்று பெற்று, ஒப்புதல் வரை கொண்டுசெல்ல இரண்டு மூன்று ஆண்டுகள் எளிதில் ஓடிவிடும். அதுவரை அவருக்குச் சம்பளம் இல்லை, சக ஊழியர்கள் இல்லை. தொடக்கத்தில் ஓட்டுநர் உரிமமும் இருக்காது. ஃபிரிஸ்கோ அழகான, பாதுகாப்பான ஊர். பூங்காக்களும் நூலகமும் அருமையாக இருக்கும். ஆனால் அந்த நூலகத்துக்குப் போகவே கார் வேண்டும். நீங்கள் காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியபின், ஜூலை மாத வெயிலில், நடந்துபோய் வாங்க ஒரு கடையும் இல்லாத குடியிருப்பில், புதிதாக வந்த பெண் ஒருவர் மாலை ஆறு மணிவரை என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். நன்றாகப் படித்து, சொந்த ஊரில் மதிப்போடு வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள் அந்த முதல் ஆண்டில் மெல்ல மெல்லப் பேச்சுக் குறைந்து ஒடுங்கிப்போவதை டெக்சாஸில் அண்டை வீடுகளில் கண்டு நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். அவர்களுடைய கணவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான்; மாநில வரி எவ்வளவு மிச்சமாகிறது என்பதையும் சரியாகத்தான் கணக்கிட்டிருந்தார்கள்.

எடிசனிலும் எல்லா இடமும் நடக்க ஏற்றவை அல்ல. ஓக் ட்ரீ சாலையை ஒட்டிய பகுதியில் வீடு பார்த்தால், மளிகைக் கடை, காய்கறிக் கடை, உணவகம், துணிக்கடை, நம் மொழி தெரிந்த மருத்துவர் எல்லாம் நடக்கும் தூரத்தில் அமையும். அருகே மெட்ரோபார்க் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் நியூயார்க் பென் நிலையத்தை அடைந்துவிடலாம். அவர் தனியாக வெளியே போய்த் தனியாகத் திரும்பி வரலாம். பிறகு அவருக்கு வேலை அனுமதி கிடைக்கும்போது, கார் இல்லாமலே போய்வரக்கூடிய வேலைகள் நியூயார்க் வரை நீண்டு கிடக்கும். உங்கள் அம்மா ஆறு மாதம் வந்து தங்குவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் இதே வேறுபாடுதான்: மாலையில் காலாற நடந்து கடைத்தெருவுக்குப் போய்த் தமிழிலோ தெரிந்த முகங்களோடோ நான்கு வார்த்தை பேச முடிகிற ஊருக்கும், மகன் வரும்வரை தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய ஊருக்கும் உள்ள வேறுபாடு. கோயிலையும் வார இறுதித் தமிழ் வகுப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை இரண்டு பக்கமும் நன்றாகவே இருக்கின்றன. பள்ளிகளும் அப்படித்தான். நியூ ஜெர்சியின் அரசுப் பள்ளிகளுக்கு நாடளவில் நல்ல பெயர் உண்டு. ஃபிரிஸ்கோவின் பள்ளிகளும் எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

இரண்டாவது குழந்தை பற்றிய எண்ணமும் உண்டு என்கிறீர்கள். இங்கேதான் நியூ ஜெர்சி வாங்கிய வரிக்குக் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றைத் திருப்பித் தருகிறது. தேவையான வாரங்கள் வேலை செய்து தகுதி பெற்றிருந்தால், குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் தந்தையும் 12 வாரங்கள் வரை குடும்ப விடுப்புக் காப்பீட்டிலிருந்து பணம் பெறலாம். சம்பளத்தில் 85 சதவீதம், வாரத்துக்கு ஆயிரம் டாலரைச் சற்றே தாண்டும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். டெக்சாஸில் தனியார் ஊழியர்களுக்கு இப்படியொரு மாநிலத் திட்டம் இல்லை. அங்கே நிறுவனம் தந்தால் உண்டு; இல்லாவிட்டால் மத்தியச் சட்டப்படி ஊதியமில்லாத விடுப்பு மட்டுமே, அதுவும் அந்த நிறுவனத்தில் 12 மாதம் பணியாற்றியபின், அங்கு போதிய ஊழியர்கள் இருந்தால்தான். பிரசவத்துக்கு ஊரிலிருந்து யாரும் வர விசா கிடைக்காமல் போகும் காலம் இது. அந்த 12 வாரங்களின் மதிப்பை வரிக்கு எதிராக நிறுத்திப் பாருங்கள்.

வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். எச்-1பி விசாவில் வேலை இழந்தவருக்குப் பொதுவாக அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டை மாற்றாமல், மகளின் பள்ளியை மாற்றாமல் அது நடந்தால் நல்லது. இந்த வகையில் உங்கள் இரண்டு ஊர்களும் சமம் என்றே சொல்வேன். நியூ ஜெர்சியில் மருந்து நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும், ரயில் தூரத்தில் நியூயார்க்கின் வங்கிகளும் இருக்கின்றன. டாலஸ் வட்டாரத்தில் வங்கிகள், தொலைத்தொடர்பு, 2017-இல் பிளேனோவில் வட அமெரிக்கத் தலைமையகம் திறந்த டொயோட்டா என்று ஆழமான சந்தை இருக்கிறது. வரி இல்லை என்பதற்காக ஒரே ஒரு பெரிய நிறுவனம் உள்ள சிற்றூருக்குப் போவதாக இருந்தால்தான் உங்களைத் தடுத்திருப்பேன். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்று வேலை செய்யும் வட்டாரத்தோடு பிணைந்தது. பிறகு ஊர் மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்தப் படியை மீண்டும் தொடங்க நேரலாம்.

வீடு வாங்கும் கட்டம் வந்தால் கணக்கு மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சியில் சராசரிச் சொத்து வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, நாட்டிலேயே உயர்ந்தது. டெக்சாஸிலும் வருமான வரி இல்லாத குறையைச் சொத்து வரியில்தான் ஈடுகட்டுகிறார்கள், ஆயினும் சொந்தக் குடியிருப்பின் மதிப்பில் பள்ளிகளுக்கான சொத்து வரியிலிருந்து விலக்களிக்கும் தொகையை 2023-இல் 1,00,000 டாலராகவும் 2025-இல் 1,40,000 டாலராகவும் உயர்த்தியிருப்பதால், ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு அங்கே குறைவாகவே வரும். ஆலங்கட்டி மழையால் டெக்சாஸில் வீட்டுக் காப்பீடு மிக அதிகம் என்பது அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மாநில, உள்ளூர் வரிகளை மத்திய வரிக் கணக்கில் கழிப்பதற்கு 2018 முதல் இருந்த 10,000 டாலர் வரம்பு 2025-இல் 40,000 ஆக உயர்ந்திருப்பது நியூ ஜெர்சியில் வீடு வைத்திருப்போருக்கு ஆறுதல். 2030-இல் அது பழைய அளவுக்கே திரும்பும் என்பதுதான் இன்றைய சட்டம். இருந்தாலும் பெரிய வீடு, தோட்டம், குறைந்த விலை என்பவைதான் உங்களுக்கு முதன்மை என்றால் டெக்சாஸே மேல். மனைவிக்கு வேலை அனுமதி கிடைத்து, இருவரும் கார் ஓட்டி, மகளும் சற்று வளர்ந்த பிறகு அதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட ஒன்று: அப்பா வழியில் வந்த நிலத்தை விற்கும் எண்ணம். மாநில வரி உண்மையிலேயே பெரிதாகக் கடிக்கக்கூடிய இடம் சம்பளம் அல்ல, இது போன்ற பெருந்தொகைதான். அமெரிக்க வரிச் சட்டப்படி நீங்கள் குடியிருப்பாளர் ஆனபின், இந்தியாவில் கிடைக்கும் மூலதன ஆதாயத்தையும் இங்கே காட்ட வேண்டும். இந்தியாவில் கட்டிய வரிக்கு அமெரிக்க மத்திய அரசு தன் வரியில் வரவு தரும். நியூ ஜெர்சி தராது, அந்த ஆதாயத்துக்குத் தன் பங்கை முழுமையாகக் கேட்கும். டெக்சாஸ் எதுவும் கேட்காது. கலிபோர்னியாவும் வெளிநாட்டில் கட்டிய வரிக்கு வரவு தருவதில்லை. நிலத்தின் ஆதாயம் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும் என்றால், அந்த ஒரு விற்பனைக்கு மட்டும் நியூ ஜெர்சிக்குச் சில ஆயிரம் டாலர் போய்விடும். ஆகவே விற்பது உறுதி என்றால், இப்போது நீங்கள் எந்த வரி நிலையில் இருக்கிறீர்கள் என்பதை இரு நாட்டு வரியும் அறிந்த கணக்காளர் ஒருவரிடம் காட்டி, எடிசனுக்குக் குடிபெயர்வதற்கு முன்பே பத்திரப் பதிவை முடிக்க முடியுமா என்று கேளுங்கள். மனைவியோடு சேர்ந்து முழு ஆண்டுக்கும் குடியிருப்பாளராகக் கணக்குக் காட்டுவதாகத் தேர்ந்தெடுத்தால், மத்திய வரிக் கணக்கில் அந்த ஆண்டின் தொடக்கத்தில் நடந்த விற்பனையும் உள்ளே வந்துவிடும் என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள். விற்பனை எந்த மாதத்தில் நடக்கக்கூடும் என்பதைத் தெரிவித்தால், எடிசனில் எந்தத் தேதியிலிருந்து வீட்டு வாடகை ஒப்பந்தம் போடலாம் என்று சொல்கிறேன்.