ஸ்டூடியோக்காரர் படங்களைத் தர மறுக்கலாமா? குழந்தைப் படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மகளின் காதுகுத்துக்குப் படம் எடுக்க உள்ளூர் ஸ்டூடியோவில் 25,000 ரூபாய் பேசி, 20,000 முன்பணம் கொடுத்தோம். ஏழு மாதமாகியும் ஆல்பம் வரவில்லை. “ஒரிஜினல் ஃபைல்கள் எங்கள் உரிமை, வேண்டுமென்றால் தனியாக 8,000 கொடுங்கள்” என்கிறார். அவர் சொல்வது சரியா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உரிமை பற்றி அவர் சொல்வது தவறு. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொல்லும் ஒளிப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே உங்களைக் கேட்காமல் மகளின் படத்தைத் தன் விளம்பரத்துக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ அவர் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எடுத்த எல்லா ஃபைல்களையும் கையில் தர வேண்டுமா என்பது, நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது. கொட்டேஷன் தாளையும் பழைய வாட்ஸ்அப் பேச்சையும் எடுத்துப் பாருங்கள். ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தையும் விடாதீர்கள், மாறான நிபந்தனை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆல்பம் தாமதமாவது சேவைக் குறைபாடு. ஆனால் சண்டைக்குப் போகும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும்படி அவர் கேட்டு, நீங்கள் பதில் அனுப்பாமல் விட்டிருக்கிறீர்களா? பல வீடுகளில் வேலை நிற்பது அந்த இடத்தில்தான். அப்படி இல்லை என்றால், 15 நாள் கெடு வைத்து வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் எழுத்தாக அனுப்புங்கள். அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதுதான் முக்கியம்.

இதையெல்லாம் செய்யும் முன் இந்த வாரமே ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். “ஆல்பம் மெதுவாக வரட்டும் அண்ணா, இப்போதைக்குப் படங்களை மட்டும் இதில் ஏற்றிக் கொடுங்கள்” என்று தன்மையாகக் கேளுங்கள். ஏழு மாதமாக அந்தப் படங்கள் அவருடைய ஒரே டிஸ்க்கில் கிடக்கின்றன என்றால் எனக்கு அதுதான் பெரிய கவலை. வழக்கில் ஜெயித்தால் பணம் திரும்பி வரும். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசி பட்ட நொடியில் வாய் கோணி அழத் தொடங்கும் அந்த முகம் திரும்பி வராது.

அடுத்த விழாவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதிக்குள் ஆல்பம், ஃபைல்கள் உண்டா, எத்தனை மாதம் அவர் பாதுகாத்து வைப்பார்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 599 ரூபாய்க்கு வருகிறது. பிள்ளைகளின் படம் எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு அந்தக் கொள்ளளவு கிடைக்காது. உள்ளே சிறிய சிப் ஒன்றை வைத்து, கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். முதலில் ஏற்றும் படங்கள் நன்றாகத் திறக்கும். உண்மையான அளவு நிரம்பிய பிறகும் ‘காப்பி ஆகிவிட்டது’ என்றே காட்டும், ஆனால் ஃபைல்கள் திறக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் முழுக்க நிரப்பி, கடைசியாக ஏற்றியவற்றைத் திறந்து பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

நல்ல கம்பெனி பென்டிரைவ்கூடப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், சேமித்து வைக்க இல்லை. 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். இரண்டிலும் ஒரே படங்களை ஏற்றி, ஒன்றை அக்கா வீட்டிலோ அம்மா வீட்டிலோ வையுங்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லா இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் கிடையாது. ஜிமெயிலும் டிரைவும் சேர்த்தே 15 ஜிபிதான் இலவசம். அந்தக் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் கூகுள் நீக்கிவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகனின் முதல் இரண்டு வருடப் படங்கள் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. மேசையிலிருந்து விழுந்தது. மறுபடி செருகியபோது உள்ளே ‘டக் டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டுத் தருகிறோம் என்ற கடையிலும் ஒரு வாரம் வைத்திருந்து கையை விரித்துவிட்டார்கள். மிஞ்சியது, என் மாமியார் பிடிவாதமாகப் பிரிண்ட் போடச் சொன்ன 36 படங்கள். ஒன்றின் பின்னால் அவர் கையெழுத்தில் “தம்பி கேப்பைக்கூழ் குடித்த முதல் நாள், சட்டை பூராவும் கூழ்” என்று இருக்கிறது. அன்றிலிருந்து வருடத்துக்கு நூறு படமாவது 4க்கு 6 அங்குல அளவில் பிரிண்ட் போட்டுவிடுகிறேன். பிறந்தநாள் கேக்கைவிட, தூளியில் ஆடியதும் பாட்டி தலை சீவிவிட்டதும்தான் அதில் அதிகம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: 1980களில் எடுத்த கலர்ப் படங்கள் சிவந்துபோய், பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டன. லேமினேஷன் செய்தால் காப்பாற்றலாமா?

பதில்: லேமினேஷன் மட்டும் வேண்டாம். சூடும் பசையும் படத்தோடு சேர்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. அக்காலத்துக் கலர்ப் படங்களில் நீலச் சாயம் முதலில் மங்கும், அதனால்தான் சிவப்பு மேலோங்கித் தெரிகிறது. தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் பளிச்சென்று இருந்தால் காரணம், அது சாயமில்லை, வெள்ளி. ஒட்டிய படத்தைக் கையால் பிய்க்காதீர்கள். ஆல்பத்தில் இருக்கும்படியே முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள், ஸ்கேனரில் 600 டிபிஐ என்ற நுணுக்க அளவு போதும். அப்புறம் பீரோவில் நெகட்டிவ் உறை கிடக்கிறதா தேடுங்கள். கிடைத்தால் பிரிண்டைவிட நல்ல படம் அதிலிருந்து வரலாம்.

கேள்வி: மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். 60,000 ரூபாய்க்குக் கேமரா வாங்கலாமா? பச்சைக் குழந்தைக்கு ஃபிளாஷ் ஆகாது என்கிறார்களே?

பதில்: இப்போதே படம் எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்றால் கேமரா வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு, காலையில் ஜன்னல் ஓரமாக, குழந்தையின் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்து எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் இரண்டு டிஸ்க்கும் பல வருடத்துப் பிரிண்டும் வந்துவிடும். சாதாரண தூரத்திலிருந்து போன் ஃபிளாஷ் பட்டுக் கண் கெடாது. தூக்கம் கலையும், அதற்காக வேண்டுமானால் தவிர்க்கலாம்.

ஃபிளாஷ் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது வழக்கம். ஒரு கண் மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் போல மின்னுவது ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கேமரா கோணத்தால் அப்படித் தெரியலாம், கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்க முடிவது. போகும்போது அந்தப் படங்கள் இருக்கும் போனையும் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.