ஆப்பிரிக்க விமான நிறுவனத்தில் கேப்டன் வேலை கிடைத்தால் போகலாமா? பாதுகாப்பானதா?

கேள்வி இரண்டே வரிதான்: ஆப்பிரிக்க நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, போகலாமா, அங்கே பறப்பது பாதுகாப்பானதா. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். நீங்கள் இருந்த நிறுவனம் மூடிவிட்டது அல்லது மூடப்போகிறது. ஏதோ ஒரு முகவர் டாலரில் ஒரு தொகையைக் காட்டி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். வீட்டில் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு "ஆப்பிரிக்காவா?" என்று ஒரு கேள்வி. அந்த 'வா'வை 2015-இல் என் மாமனார் இழுத்த இழுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

2015 முதல் 2017 வரை லாகோஸில் தங்கி, நைஜீரிய நிறுவனம் ஒன்றுக்காக போயிங் 737 ஓட்டினேன். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலர் கிளம்பி வருவார்கள் என்று தெரியும்: ஆப்பிரிக்கா 54 நாடுகள். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ வேலை பார்த்தவர் வேறு கதை சொல்வார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரு நாடு, ஒரு நிறுவனம், ஒரு ஒப்பந்தம். கண்டத்துக்கே தீர்ப்பு எழுத நான் யார்?

பாதுகாப்பு என்று கேட்டீர்கள். நைஜீரியாவுக்கு மோசமான காலம் ஒன்று இருந்தது. 2005 அக்டோபரில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டில் மூன்று பெரிய பயணிகள் விமான விபத்துகள். அதன் பிறகு விதிகளை இறுக்கினார்கள். 2010-இல் அமெரிக்காவின் முதல் நிலைப் பாதுகாப்புத் தகுதியும் கிடைத்தது. 2012 ஜூன் 3 அன்று லாகோஸில் டானா ஏர் எம்டி-83 விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. உள்ளே இருந்த 153 பேரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் கேப்டன் ஓர் அமெரிக்கர். அவருடைய உரிமம் முன்பு ஒருமுறை சொந்த நாட்டில் இடைநிறுத்தம் செய்யப்பட்டிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அங்கே பாதுகாப்பு எப்படி என்று நாம் கேட்கிறோம். வெளிநாட்டுக் கேப்டன் என்றால் ஊரில் வேலை கிடைக்காதவனாக இருப்பானோ என்று அவர்கள் கேட்கிறார்கள். நான் போன புதிதில் கூடவே பறந்த துணை விமானிகளின் கண்களில் அந்தக் கேள்வி மரியாதையாக ஒளிந்திருந்தது. என் விஷயத்தில் அது பாதி உண்மையும்கூட. எனக்கு இங்கே வேலை இல்லை, அதனால்தான் போனேன்.

நைஜீரியச் சட்டப்படி வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் வரும் ஒவ்வொருவருக்கும் இரண்டு நைஜீரியர்கள் உடனிருந்து பயில வேண்டும். அதாவது உங்கள் இடத்துக்கு வரப்போகிறவர்கள் முதல் நாளே வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். "நான் சொல்லிக்கொடுக்க வந்தவன்" என்ற நினைப்போடுதான் நானும் போனேன். அந்த நினைப்பு எங்கே போனது என்று சொல்கிறேன். சுற்றி வளைத்தாலும் உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

2016 மே மாதம், நைஜீரியத் தலைநகர் அபுஜா, மாலை ஐந்து மணி. மழைக்காலம் பிடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் இடிமழை கிழக்கிலிருந்து மேற்கே சுவர்போல நகர்ந்து வரும். லாகோஸுக்குக் கிளம்ப வேண்டும். எரிபொருள் லாரி வராததால் ஏற்கெனவே ஒன்றரை மணி நேரம் தாமதம். அந்த ஆண்டு நாடு முழுக்க ஜெட் ஏ-1 தட்டுப்பாடு, லாகோஸுக்கு வரும் வெளிநாட்டு விமானங்களே கானாவின் அக்ராவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. முன்வரிசையில் ஓர் அரசியல் பிரமுகர். அவருடைய உதவியாளர் இரண்டு முறை விமானப் பணிப்பெண்ணிடம் வந்து, "ஓகாவுக்கு லாகோஸில் கூட்டம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓகா என்றால் அங்கே பெரியவர், முதலாளி, எல்லாம்.

நாங்கள் 22 ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தோம். அது தென்மேற்கைப் பார்த்த பாதை. கிழக்கே வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. என் கணக்கு எளிது: மழை பின்னால் வருகிறது, நாம் முன்னால் ஓடிவிடலாம், மூன்று நிமிடம் போதும். துணை விமானி, முப்பதைத் தாண்டாத இளைஞர், ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கேப்டன், பத்து நிமிடம் நிற்கலாமா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "மழை இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது" என்றேன்.

அவர் வாதாடவில்லை. "சர், 2006-இல் நான் இந்த ஊரில் பள்ளி மாணவன். ஏடிசி விமானம் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையில் நாங்கள் தேவாலயத்துக்குள் நின்றுகொண்டிருந்தோம்" என்றார். அவ்வளவுதான்.

2006 அக்டோபர் 29. இதே அபுஜாவிலிருந்து சொகோட்டோவுக்குக் கிளம்பிய 737. சொகோட்டோவின் சுல்தானும் அதில் இருந்தார். 105 பேரில் பிழைத்தவர்கள் 9 பேர். மோசமான வானிலை என்று தெரிந்தே கேப்டன் கிளம்ப முடிவெடுத்தார் என்று விசாரணை அறிக்கை சொன்னது. நான் அதைப் படித்திருந்தேன், வகுப்பில் பாடமாக எடுத்துமிருந்தேன். படித்தது வேறு, ஊர்ந்துபோகும் விமானத்தில் ஒன்றரை மணி நேரத் தாமதத்தோடு உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வருவது வேறு.

பிரேக்கை அழுத்தினேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் காத்திருப்பதாகச் சொன்னோம். பக்கத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு அல்லது ஏழு நிமிடம் இருக்கும். முதலில் அதன் நுனி மட்டும் அசைந்தது. பிறகு முழுப்பையும் எழுந்து, எங்களைக் கடந்து தென்மேற்கே நீட்டிக்கொண்டு நின்றது. அதாவது காற்று நேரே பின்னாலிருந்து. 'பியூர் வாட்டர்' என்று விற்பார்களே, அந்தத் தண்ணீர்ப் பாக்கெட்டுகளின் காலி உறைகள் புல்வெளியிலிருந்து கிளம்பி எங்கள் கண்ணாடிக்கு முன்னால் கூட்டமாகப் பறந்தன. அடுத்த நிமிடம் எதுவும் தெரியவில்லை, மழை. நாங்கள் கிளம்பியிருந்தால் அந்த நேரம் ஓடுபாதையின் பாதியிலோ, சக்கரத்தை இப்போதுதான் மடக்கிக்கொண்டோ இருந்திருப்போம்.

ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் விமானிகள் யாராவது வந்து "இவர் மிகைப்படுத்துகிறார்" என்பார்கள். நூற்றில் தொண்ணூறு முறை ஒன்றும் ஆகாது. அந்தத் தொண்ணூறுதான் நம்மைக் கெடுக்கிறது.

ஐம்பது நிமிடம் கழித்துப் புறப்பட்டோம். மறுநாள் எனக்குக் 'குவெரி' வந்தது. நைஜீரிய அலுவலகங்களில் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதத்துக்கு அதுதான் பெயர், அந்தச் சொல்லைக் கேட்டாலே ஊழியர்களுக்கு வயிறு கலங்கும். ஏன் ஐம்பது நிமிடம் நின்றீர்கள், யார் முடிவு? "கேப்டன் என்ற முறையில் என் முடிவு" என்று எழுதினேன். துணை விமானியின் பெயரை எழுதவில்லை. வம்பில் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கடிதத்தை ஒரு மாதம் கழித்துத் தலைமை விமானி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அப்போதும் நான் துணை விமானியின் பெயரைச் சொல்லவில்லை. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: வலப்பக்கத்தில் இருப்பவர் "நிற்கலாமா" என்று சொல்லத் துணியும் இடமா, சொன்னால் நீங்கள் நிற்பீர்களா? முதல் பாதிக்கான விடையை நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அங்கே வேலை பார்க்கும் துணை விமானிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டீ வாங்கிக்கொடுத்தால் போதும். இரண்டாவது பாதியை என்னால் சொல்ல முடியாது.

மற்ற தொழில் விஷயங்களெல்லாம் பழகிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஹர்மட்டான் என்ற சகாராத் தூசிக்காற்று வரும், கண்பார்வைத் தூரம் குறைந்து வரிசையாக ரத்தாகும். பல உள்நாட்டு விமான நிலையங்கள் சூரியன் மறைந்ததும் மூடிவிடும், ஆகவே காலையில் ஒரு மணி நேரம் தவறினால் மாலையில் கடைசி ஊர் கைவிட்டுப் போகும், பயணிகள் உங்கள் சட்டையின் நான்கு பட்டைகளைப் பார்த்துத்தான் கத்துவார்கள். நாடு விட்டு நாடு போகும்போது கண்டத்தின் பெரும்பகுதியில் 126.9 அலைவரிசையில் உங்கள் இடத்தையும் உயரத்தையும் நீங்களே மற்ற விமானங்களுக்கு அறிவித்துக்கொண்டு போக வேண்டும். முதல் வாரம் விநோதமாக இருக்கும், பிறகு அது இல்லாத வானம் விநோதமாக இருக்கும்.

பழகாத விஷயம் பணம். என் ஒப்பந்தத்தில் சம்பளம் "அமெரிக்க டாலரில் அல்லது அதற்கு இணையான உள்நாட்டு நாணயத்தில்" என்று இருந்தது. அந்த 'அல்லது'வை நான் படித்தேன், ஆனால் பார்க்கவில்லை. 2016 ஜூனில் நைஜீரிய நாணயமான நைரா சரிந்தது. நிறுவனம் பாதிச் சம்பளத்தை நைராவில் தரத் தொடங்கியது, அதிகாரப்பூர்வ விலையில். 2017 பிப்ரவரியில் அந்த விலை டாலருக்கு ஏறத்தாழ 305 நைரா. அந்த விலைக்கு எனக்கு டாலர் விற்க எந்த வங்கியும் தயாராக இல்லை. வெளிச்சந்தையில் 520. ஆயிரம் டாலருக்குப் பதிலாக 305,000 நைரா தருவார்கள். அதைக் கொண்டுபோய் மாற்றினால் 586 டாலர் கையில் வரும். மீதி 414 டாலர் எங்கே போனது என்று என் மனைவிக்குத் தொலைபேசியில் விளக்கிய மாலைகளை நினைத்தால் புயலே மேல்.

அதே ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி ஓடுபாதையைச் செப்பனிட அபுஜா விமான நிலையத்தையே ஆறு வாரம் மூடினார்கள். விமானங்களெல்லாம் வடக்கே கடுனா நகருக்கு. அங்கிருந்து பயணிகளைப் பேருந்தில், காவல்துறைப் பாதுகாப்போடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாலையில் அழைத்துப்போனார்கள். வெளிநாட்டு நிறுவனங்களில் எத்தியோப்பியன் மட்டும்தான் கடுனாவுக்கு வந்தது. எங்களுக்குப் பயணிகள் குறைந்தார்கள், சம்பளம் நின்றது. "அடுத்த வாரம், கேப்டன்" என்பார்கள். அடுத்த வாரத்துக்கும் ஓர் அடுத்த வாரம் உண்டு.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் சொந்த ஊர் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. விடுப்பில் வந்தபோது வீட்டுக் கடனுக்காக இங்கே ஒரு வங்கிக்குப் போனேன். சம்பளச் சான்றிதழில் 'லாகோஸ், நைஜீரியா' என்று பார்த்ததும் மேலாளர் முகம் மாறியது. லாட்டரி விழுந்திருக்கிறது என்று வரும் மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுவந்தவனைப்போல என்னைப் பார்த்தார். "சார், இந்த நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா?" அவரைக் குறை சொல்லவும் முடியாது என்று நண்பர்கள் சொன்னார்கள். ஏன் முடியாது? மோசடிக்கு அந்த நாட்டுக் குற்றவியல் சட்டப் பிரிவு எண்ணை வைத்து 'ஃபோர் ஒன் நைன்' என்று பெயர் வைத்து, அடுத்தவர் வீட்டை ஏமாற்றி விற்பவர்களுக்குப் பயந்து "இந்த வீடு விற்பனைக்கு அல்ல" என்று சொந்தச் சுவரிலேயே பெயிண்டால் எழுதி வைத்து, அந்த மோசடியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் லாகோஸ்காரர்கள்தான். நம் ஊரில் சீட்டுக் கம்பெனி நடத்தி ஓடிப்போனவர்களை வைத்து உலகம் நம்மைக் கணக்கிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? கடன் கிடைக்கவில்லை. எனக்குச் சம்பளம் பாக்கி வைத்தவர்கள் மீது இருப்பதைவிட அந்த மேலாளர் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம், ஏன் என்று தெரியவில்லை.

சரி, உங்களுக்கு. போங்கள் என்றுதான் சொல்வேன். இடைநிலை முகவரிடம் கையெழுத்திடாதீர்கள், நிறுவனத்திடம் நேரடியாகப் போடுங்கள். சம்பளம் டாலரில், நாட்டுக்கு வெளியே உள்ள கணக்கில், 'அல்லது' இல்லாமல். வசிப்பு அட்டைக்கும் உரிமம் செல்லுபடியாக்கவும் ஆகும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், பத்து நாள் கழித்துத்தான் அந்தத் தடுப்பூசி அட்டை செல்லும்.

அந்தத் துணை விமானி இப்போது கேப்டன். சென்ற ஆண்டு அவருக்கு எழுதினேன், அந்தக் குவெரி விஷயத்தைச் சொல்லி. "எந்த மழை, சர்?" என்று பதில் வந்தது. மறந்துவிட்டாரா, மறந்ததாகச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக, அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால்: 2017 மார்ச், ஏப்ரல், இரண்டு மாதம். என் கணக்கு எண் மாறவில்லை.