வானில் உறைந்துபோன புரொப்பல்லர்

கேள்வி: ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். பழைய போர் விமானங்கள் என்றால் எனக்கு உயிர். அண்மையில் முதன்முறையாக ஓர் ஏர் ஷோவுக்குப் போனேன். வேகமாகப் பறப்பவை ஆயிற்றே என்று ஷட்டரை 1/2000 நொடியில் வைத்து எடுத்தேன். படங்கள் கூர்மையாகத்தான் இருக்கின்றன. ஆனால் விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி தெரிகிறது. அடிப்பாகம் ஒரே கறுப்பு. சில படங்களில் புரொப்பல்லர் பிளேடுகள் வளைந்து நெளிந்திருக்கின்றன. 150-600 லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட லென்ஸால் வந்ததில்லை. புது லென்ஸை மாட்டிக்கொண்டு அதே 1/2000-இல் எடுத்தால் அதே பொம்மை இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

லென்ஸ் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்க ஏர் ஷோக்களில், விமானத்தின் வேகத்தைப் பொறுத்து, கூட்டத்திலிருந்து 500, 1000 அல்லது 1500 அடி தள்ளித்தான் பறக்க வேண்டும் என்று விதி உண்டு. நடுவில் உள்ள 1000 அடியை எடுத்துக்கொள்வோம்; சுமார் 300 மீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு பி-51 மஸ்டாங், அதாவது இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்கப் போர் விமானம், பக்கவாட்டில் போகிறது. அதன் நீளம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் கேமராவில் 300 மி.மீ.யில் அது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும். ஓரங்களை வெட்டினால் போதும், நல்ல படம். 600 மி.மீ.யில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நிரப்பும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் போகிற ஒன்றை அவ்வளவு இறுக்கமான சட்டகத்துக்குள் பிடித்து வைப்பது பழகிய கைக்கே சிரமம். மூக்கு இருந்தால் வால் இருக்காது. இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட சிறிய பைப்ளேன்கள் மட்டும் தூரத்தில் புள்ளியாகப் போகும். அதற்காக ஒருநாள் வாங்கத் தோன்றினால், முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அந்த எடையை நாள் முழுக்கத் தூக்கிய பிறகு முடிவு தானாக வரும்.

சரி, ஷட்டருக்கு வருவோம். விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஜெட் விமானத்தை 1/2000-இல் எடுத்தால் ஒன்றும் கெடாது. வெளியே சுழலும் பாகம் எதுவும் அதில் இல்லை. புரொப்பல்லர் விமானத்தில் எஞ்சின் ஓடுகிறது என்பதற்குப் படத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த மூக்குதான். பிளேடு அசையாமல் நின்றால் மற்ற எல்லாம் எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை. என்னைக் கேட்டால், லேசாகக் கலங்கிய விமானமும் நன்றாகச் சுழலும் புரொப்பல்லரும் உள்ள படத்தைத்தான் வைத்துக்கொள்வேன்.

எவ்வளவு மெதுவான ஷட்டர் வேண்டும் என்பது விமானத்துக்கு விமானம் மாறும், அதுவும் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக. டைகர் மாத் மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானம். அதன் ஜிப்ஸி மேஜர் எஞ்சினில் கியர் கிடையாது. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் புரொப்பல்லரும் 2000 சுற்று. மஸ்டாங் அதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அதன் மெர்லின் எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் இடையே ஒரு கியர் இருக்கிறது. எஞ்சின் 2400 சுற்றில் ஓடும்போது புரொப்பல்லர் சுமார் 1150 சுற்றுதான் சுற்றும். அதாவது மெதுவான விமானத்துக்கு வேகமான புரொப்பல்லர், வேகமான விமானத்துக்கு மெதுவான புரொப்பல்லர்.

இதை ஷட்டரோடு சேர்த்துப் பாருங்கள். 1/250-இல் டைகர் மாத்தின் பிளேடு கிட்டத்தட்ட 48 டிகிரி நகரும். பார்க்க அழகான விசிறல். அதே 1/250-இல் மஸ்டாங்கின் பிளேடு 28 டிகிரிகூட நகராது. 1/125-க்கு இறங்கினால்தான் 55 டிகிரி வரும். நீங்கள் வைத்த 1/2000-இல் மூன்று நான்கு டிகிரி. நின்றுபோனது மாதிரித் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. நான்கு பிளேடுகளும் ஒன்றையொன்று தொட்டு முழு வட்டமாகத் தெரிய வேண்டுமானால் மஸ்டாங்குக்கு 1/80 வரை போக வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் 1/320-இல் தொடங்குங்கள், கைகூடியதும் 1/250, அப்புறம் 1/160, 1/125. ஒவ்வொரு விமானத்துக்கும் முதல் ஒன்றிரண்டு சுற்றைப் பாதுகாப்பான ஷட்டர் வேகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தில் துணிந்து இறங்கலாம்.

1/125 நொடியில் அந்த மஸ்டாங் ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே கேமராவும் கூடவே திரும்ப வேண்டும்; பேனிங் என்பது அதுதான். விமானம் நேர் எதிரே வரும்போது உடல் எந்தப் பக்கம் பார்த்திருக்குமோ அந்தப் பக்கம் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பிலிருந்து மேலே மட்டும் திரும்பி, விமானம் தூரத்தில் வரும்போதே வியூஃபைண்டரில் பிடித்துவிடுங்கள். முறுக்கு அவிழ்வதுபோல் உடல் தானாகத் திரும்பி வரும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஷட்டரை அழுத்திய பின்பும் திரும்புவதை நிறுத்தக் கூடாது; பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதைப் பேனிங்குக்கான நிலைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திருப்புவதையே அது நடுக்கம் என்று நினைத்து எதிர்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நேர் பக்கவாட்டில் போகும் விமானம் முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதால் மெதுவான ஷட்டரைத் தாங்கும். நம்மை நோக்கிச் சாய்வாகத் திரும்பி வரும்போது மூக்கு ஒரு வேகத்திலும் வால் ஒரு வேகத்திலும் நகரும். நீங்கள் எவ்வளவு சரியாகத் திருப்பினாலும் ஏதாவது ஒன்றுதான் கூர்மையாக வரும். உருண்டு புரளும் சாகசத்தில் இறக்கை நுனிகளின் கதியும் அதேதான். அந்த இடங்களில் 1/320-க்கு ஏறிக்கொள்ளுங்கள். காக்பிட்டில் ஃபோகஸ் இருந்து விமானி முகம் தெளிவாக இருந்தால் வால் கலங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

வீணாகும் படங்கள் நிறைய இருக்கும். அதை எண்ணிப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

ஷட்டரை இறக்கியதும் ஒரு புதுச் சிக்கல் முளைக்கும். நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100-இல், 1/125 வேண்டுமென்றால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 14 அளவுக்குச் சுருங்கிவிடும். அவ்வளவு மூடினால் படத்தின் கூர்மை லேசாக மழுங்கும். அதைவிடக் கொடுமை, சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் நீல வானத்தில் கரும்புள்ளிகளாக எழுந்து நிற்கும். அத்தனையையும் உட்கார்ந்து அழிக்க வேண்டியதுதான். இதற்கு மருந்து போலரைசர் ஃபில்டர். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) ஒளியைக் குறைத்து உங்களை எஃப் 8-க்குக் கொண்டுவரும். ஆனால் காக்பிட்டின் அக்ரிலிக் மூடியில் சில கோணங்களில் வானவில் பட்டைகளைக் காட்டும். அது பிடிக்காதவர்கள் ஒளியை மட்டும் குறைக்கும் சாதாரண என்டி ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம். மேகம் மூடினால் இரண்டுமே தேவையில்லை. கழற்ற மறக்காதீர்கள்.

அடிப்பாகம் கறுத்ததற்குக் காரணம் வானம். பிரகாசமான பின்புலத்தைப் பார்த்த கேமரா மொத்தப் படத்தையும் இருட்டடித்துவிடுகிறது. வெளிறிய சாம்பல் வானம் என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். ஆழ்ந்த நீல வானத்துக்கு அவ்வளவு வேண்டாம். பெயின்ட் இல்லாமல் பளபளக்கும் அலுமினிய உடல் கொண்ட மஸ்டாங் வந்தால் கதை தலைகீழ்: வெயில் பட்ட இடம் வெள்ளையாக வெந்துவிடும், குறைக்க வேண்டியிருக்கும். கேமரா பதப்படுத்தாத ரா வடிவில் எடுத்தால் பின்னால் நிழலைத் தூக்கிக்கொள்ள இடம் இருக்கும்.

வளைந்த பிளேடுகளுக்கு வருகிறேன். நீங்கள் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு வருவதற்குள் பிளேடு வேறு இடத்துக்குப் போய்விடும். ஃபோனில் எடுக்கும்போதும் இதே கூத்துதான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள், தீர்ந்தது. சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் சோனி ஏ9-III போன்ற கேமராக்களில் இந்தத் தொல்லை இல்லை. அதற்காக அதை வாங்கப் போக வேண்டாம்.

கேமராவில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இதற்குச் சமமாகப் படத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள்; மைதானம் அதற்கு ஒத்துழைக்க வேண்டுமே. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு பழைய போர் விமானங்களுக்குப் பேர்போன இடம். ஆனால் அங்கே கூட்டம் நிற்பது ரன்வேக்கு வடக்கே, தெற்கைப் பார்த்து. நாளின் பெரும்பகுதி சூரியனை எதிர்த்தே எடுக்க வேண்டும். நடுவில் முட்டி மோதாமல் கூட்டத்தின் ஓரத்துக்குப் போய்விட்டால் விமானம் திரும்பும் சமயத்தில் பக்க ஒளி கிடைக்கும். ஷட்டில்வொர்த் என்ற பழைய விமானச் சேகரிப்பு இருக்கும், அதே இங்கிலாந்தின் ஓல்டு வார்டனில் விமானங்கள் பறக்கும் கோடே வளைந்திருக்கிறது. கூட்டத்தைச் சுற்றிச் சாய்ந்து வளைந்து போகும்போது முதுகும் காக்பிட்டும் இரண்டு இறக்கைகளின் மேற்பரப்பும் நம் பக்கம் திரும்பும். வயிற்றை மட்டும் எடுத்துச் சலித்தவர்களுக்கு அந்த ஒரு வளைவு போதும். 1909-இல் செய்த பிளேரியோ விமானம் ஒன்று அங்கே இன்னும் மண்ணை விட்டு எழும்புகிறது. காற்று அடங்கினால்தான் அதை வெளியே எடுப்பார்கள் என்பதால் மாலை வரை காத்திருக்கத் தயாராகப் போக வேண்டும். மாலை ஒளி நமக்கும் நல்லது. நண்பகலில் ரன்வேயிலிருந்து எழும் கானல் தரையோடு இருக்கும் எதையும் கூர்மையாக எடுக்க விடாது, எந்த விலை லென்ஸாக இருந்தாலும்.

நல்ல கோணம் கிடைக்கிறது என்று வேலிக்கு வெளியே, விமானங்கள் உள்ளே திரும்பும் பாதைக்குக் கீழே போய் நிற்காதீர்கள். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோர்ஹாம் ஏர் ஷோவில் ஒரு ஹாக்கர் ஹண்டர் ஜெட் விழுந்தபோது இறந்த 11 பேரும் விமான நிலையத்துக்கு வெளியே, சாலையிலும் சாலையோரத்திலும் இருந்தவர்கள்.

பறப்பதை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். ரேடியல் எஞ்சின் கிளம்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? வட்டமாக அடுக்கிய சிலிண்டர்களில் கீழே இருப்பவற்றில் எண்ணெய் கசிந்து தேங்கும். அதனால்தான் கிளப்புவதற்கு முன் பணியாளர்கள் பிளேடுகளைக் கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுற்றுவார்கள். அவர்கள் விமானத்தருகே போனதும் நீங்களும் தயாராகிவிட வேண்டும். முதலில் பிளேடு தயங்கித் தயங்கி நகரும், ஒரு சிலிண்டர் பற்றும், இன்னொன்று பற்றும், புகைபோக்கி வழியே வெள்ளைப் புகை குபீரென்று வந்து இறக்கையை மூடிவிடும். புகை நன்றாகத் தெரிவது சில நொடிகள்தான். தரையில் எஞ்சின் மெதுவாக ஓடுவதால், வானில் உதவிய 1/125 இங்கே உதவாது. மெர்லின் எஞ்சின் சும்மா ஓடும்போது புரொப்பல்லர் நிமிடத்துக்கு 300 சொச்சம் சுற்றுதான். 1/30-க்குப் போனால்தான் சுழற்சி தெரியும். விமானம் நின்றுகொண்டிருப்பதால் கையை உறுதியாக வைத்தாலே சமாளிக்கலாம். 70 மி.மீ. முனை பயன்படுவது இங்கேதான். 150-600 வைத்திருப்பவர் பின்னால் நகர இடம் தேடிக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு விமானத்தின் எண்ணையும் அன்றே குறித்து வையுங்கள். உடலில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. பழைய விமானங்களுக்கு வேறொரு விமானத்தின் நிறமும் அடையாளமும் பூசுவது வழக்கம். சில ஆண்டுகள் கழித்து மறுபடி மாற்றுவார்கள். இன்று உலகில் பறக்கும் லங்காஸ்டர்கள் (இரண்டாம் உலகப் போர்க் கால குண்டுவீச்சு விமானங்கள்) இரண்டே இரண்டு, பிரிட்டனில் பிஏ474, கனடாவில் எஃப்எம்213. அந்த பிஏ474-ஐயே வேறு வேறு லங்காஸ்டர்களின் வேடத்தில் காணலாம். நிகழ்ச்சி நிரலில் உண்மையான பதிவு எண் இருக்கும். அந்தப் பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

அடுத்த ஏர் ஷோவுக்கு இன்னும் நாள் இருந்தால், ஏதாவது ஒரு சாலையோரம் நின்று போகிற வருகிற சைக்கிள்களை 1/60-இல் எடுத்துப் பழகுங்கள். சைக்கிள்காரர் முகம் தெளிவாகவும் ஆரக்கால்கள் கரைந்தும் வரத் தொடங்கிவிட்டால், மஸ்டாங்கை 1/125-இல் பிடிக்க உங்கள் இடுப்பு தயார்.