ஆபரேஷன் முடிஞ்சு குழந்தை வீட்டுக்கு வருது: சிஸ்டரைக் கேளுங்க

வணக்கம். குழந்தைகளுக்கான இதய ஐசியூவில் 14 வருஷமா நர்ஸ். இப்போ என் முக்கிய வேலை, டிஸ்சார்ஜ் ஆகற குழந்தையோட அம்மா அப்பாவை உட்கார வெச்சு வீட்டுல என்ன செய்யணும்னு சொல்லிக்கொடுக்கறது. நான் டாக்டர் இல்லை. மருந்து அளவை மாத்தச் சொல்லி என்கிட்ட கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். மத்ததெல்லாம் கேளுங்க.

திண்டுக்கல், 4 மாதக் குழந்தையின் அம்மா: சிஸ்டர், இதயத்தோட கீழ் அறைகளுக்கு நடுவுல இருந்த விஎஸ்டி ஓட்டையை அடைச்சு 9 நாள் ஆகுது. நேத்து வீட்டுக்கு வந்தோம். குழந்தையைத் தூக்கவே கை நடுங்குது. எப்படித் தூக்கறது?

கை நடுங்கறது தப்பே இல்லை. நடு நெஞ்செலும்பைப் பிளந்து திரும்பச் சேர்த்துத் தைச்சிருக்காங்க. அந்த எலும்பு ஒண்ணு சேர 6 வாரமாவது ஆகும். அதுவரைக்கும் ஒரே விதி: கக்கத்துல கை கொடுத்துத் தூக்கக்கூடாது. அப்படித் தூக்கினா குழந்தையோட மொத்த எடையும் அந்தத் தையல்லதான் விழும். ஒரு கையை விரிச்சு கழுத்துக்கும் தோளுக்கும் அடியில கொடுங்க, இன்னொரு கை புட்டத்துக்கு அடியில. சோத்துப் பானையை அடியோட ஏந்தற மாதிரி ஏந்துங்க. எங்க வார்டுல துண்டைச் சுருட்டிக் கொடுத்து பத்து தடவை தூக்கிக் காட்டச் சொல்வேன். நீங்களும் செய்யுங்க, நடுக்கம் போயிடும்.

நீங்க பயந்து பயந்து சரியாத்தான் தூக்குவீங்க. என் கவலை பார்க்க வர்றவங்களைப் பத்தி. "வாடா ராஜா"ன்னு கக்கத்துல கைபோட்டு மேல தூக்கிப்போட்டு விளையாடற மாமா ஒருத்தர் எல்லா வீட்டுலயும் இருப்பார். அவரை வாசல்லயே பிடிச்சுச் சொல்லிடுங்க. தலைவழியா மாட்டற பனியனும் வேண்டாம், முன்னாடி முடிச்சு போடற ஜபலா போதும்.

திருப்பூர், அப்பா: ஆக்சிமீட்டர் வாங்கி வெச்சிருக்கேன். 97 காட்டுது, திடீர்னு 83, அப்புறம் 95. இவனுக்கும் விஎஸ்டிதான், முழுசா சரி பண்ணியாச்சுன்னாங்க. ராத்திரி பூரா மிஷினைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்.

எந்த ஆக்சிமீட்டர் தம்பி? கொரோனா நேரத்துல வாங்கின விரல் கிளிப்பா? அது பெரியவங்க விரலுக்குச் செஞ்சது. குழந்தையோட விரல் அதுல பாதி இடத்தைக்கூட நிரப்பாது, வெளிச்சம் பக்கவாட்டுல கசியும், வாய்க்கு வந்த நம்பரைக் காட்டும். குழந்தைக்குப் பாதத்துல சுத்தற சென்சார் வேணும். அதுலயும் கால் சில்லுனு இருந்தா, உதைச்சா, நம்பர் கீழ விழும். ஐசியூவில் எங்களுக்கே அலாரம் அடிச்சா முதல் வேலை, திரும்பிக் குழந்தையைப் பார்க்கறதுதான்.

நீங்களும் குழந்தையைப் பாருங்க. தூங்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தை வெச்சு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால பெருக்காதீங்க, குழந்தை மூச்சு ஒரே சீரா வராது. நடுவுல சில விநாடி நின்னு மறுபடி ஓடும், சின்னக் குழந்தைக்கு அது இயல்பு. 2 மாசத்துக்குள்ள இருந்தா 60, அதுக்கு மேல ஒரு வயசு வரைக்கும் 50. அதைத் தாண்டி நின்னா, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தா, நாக்கு நீலமானா, நேரா ஆஸ்பத்திரி.

இதைவிட முன்னாடியே காட்டிக்கொடுக்கறது, குழந்தை பால் குடிக்கற விதம்தான். 20 நிமிஷத்துல குடிச்ச குழந்தை இன்னிக்கு 40 நிமிஷம் எடுக்குது, நடுவுல விட்டுட்டு மூச்சு வாங்குது, ஃபேன் ஓடும்போதே நெத்தி வேர்க்குது. இதுல ஏதாவது ஒண்ணு பார்த்தா போன் போடுங்க. மிஷினை அலமாரியில வையுங்க. நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் முறை வெச்சுத் தூங்குங்க.

விழுப்புரம், அம்மா: எங்க பாப்பாவுக்கு ஷன்ட் வெச்சு அனுப்பினாங்க. 78தான் இருக்கு. பக்கத்து கிளினிக்ல பார்த்துட்டு உடனே ஆக்சிஜன் வைக்கணும்னு பயமுறுத்திட்டாங்க.

மேல திருப்பூர் தம்பிக்குச் சொன்னது வேற கதை, உங்களோடது வேற கதை. அவர் குழந்தைக்கு முழுசா சரி செஞ்சாச்சு. உங்க பாப்பாவுக்கு நடந்தது இடைக்கால ஏற்பாடு. கைக்குப் போற ரத்தக்குழாயில இருந்து நுரையீரல் குழாய்க்கு சில மில்லிமீட்டர் அகலத்துல ஒரு சின்னக் குழாய் போட்டு ரத்தத்தைத் திருப்பி விட்டிருக்காங்க. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துதான் ஓடும். இவங்களுக்குப் பொதுவா 75 முதல் 85தான் இலக்கு. 98 வந்தாத்தான் நாங்க யோசிப்போம், நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாப் போகுதோன்னு. உங்க குழந்தைக்கான நம்பரை டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதித் தரச் சொல்லுங்க. அதை போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கங்க. எந்த கிளினிக் போனாலும் முதல்ல அதைக் காட்டுங்க.

இந்த ஆபரேஷனோட முதல் வடிவத்தைச் செஞ்சது 1944 நவம்பர்ல, அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல. பிளேலாக், டாசிக் ரெண்டு டாக்டர் பேரும் அதுக்கு இருக்கு. ஆனா அதை நாய்கள்மேல செஞ்சு செஞ்சு வழி கண்டுபிடிச்சதுல பெரும்பங்கு விவியன் தாமஸ்னு ஒரு லேப் உதவியாளரோடது. டாக்டர் பட்டம் இல்லாத கறுப்பின மனுஷன். அன்னிக்கு சர்ஜனுக்குப் பின்னால ஒரு ஸ்டூல் மேல நின்னு ஒவ்வொரு தையலா சொல்லிக்கொடுத்தார். டாக்டர் இல்லாதவங்க பேச்சையும் கேட்கணும்னு நான் அடிக்கடி இதைச் சொல்றது உண்டு.

ஷன்ட் குழந்தைக்கு ஒரு எச்சரிக்கை, பெரிசா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. வாந்தி, பேதி, பால் குடிக்காம இருக்கறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி. "நாளைக்குப் பார்ப்போம், இப்போ உப்பு சர்க்கரைத் தண்ணி கொடுப்போம்"னு வீட்டுல இருக்காதீங்க. உடம்புல நீர் குறைஞ்சா ரத்தம் கெட்டியாகி அந்தச் சின்னக் குழாய் அடைச்சுக்கும். ஆஸ்பிரின் கொடுத்தது அதுக்குத்தான், டாக்டர் சொல்லாம ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. வீட்டுல யாருக்காவது அம்மை போட்டாலோ ஃப்ளூ வந்தாலோ, ஆஸ்பிரின் குடிக்கற குழந்தைன்னு சொல்லி உடனே டாக்டரைக் கேளுங்க.

ஓசூர்: சிஸ்டர், எந்த கம்பெனி ஆக்சிமீட்டர் நல்லது?

மேல படிங்க.

தஞ்சாவூர், அப்பா: நீர் பிரியறதுக்கு லாசிக்ஸும் இதயத்துக்கு டிஜாக்சினும் கொடுக்கறோம். குடிச்ச பத்தாவது நிமிஷம் கக்கிடுச்சு. திரும்பக் கொடுக்கலாமா?

கூடாது. எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வேளைக்கு வழக்கமான அளவு மட்டும் கொடுங்க. விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து ரெட்டிப்பா வேண்டாம். ரெண்டு வேளை தொடர்ந்து கக்கினா டீமுக்கு போன் பண்ணுங்க. டிஜாக்சின் குழந்தை வாந்தி எடுத்தா இன்னும் சீக்கிரமா, ஏன்னா அந்த மருந்து உடம்புல அதிகமானாலும் முதல்ல வாந்திதான் வரும்.

கரண்டியில அளக்கறவங்க யாராவது இருந்தா இங்கேயே நிறுத்திக்கங்க. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு அப்பா, சிரிஞ்ச் உடைஞ்சுபோச்சுன்னு இருமல் மருந்து மூடியில ஊத்திக் கொடுத்தார். 0.5 மில்லி கொடுக்கவேண்டிய இடத்துல 5 மில்லி. படிச்ச மனுஷன்தான், தூக்கமில்லாத கண்ணுக்குப் புள்ளி தெரியலை. குழந்தை ரெண்டு நாள் எங்ககிட்ட மானிட்டர்ல இருந்துட்டுப் பிழைச்சுப் போச்சு. 1 மில்லி சிரிஞ்ச் மெடிக்கல்ல சில ரூபாய்க்குக் கிடைக்கும், அஞ்சாறு வாங்கி வையுங்க. சரியான கோட்டுல ஒரு துண்டு பிளாஸ்திரி சுத்தி ஒட்டிட்டா அரைத்தூக்கத்துலயும் தப்பாது.

மணப்பாறை, பாட்டி (பேத்தி டைப் செய்கிறாள்): ஏம்மா, பேரனுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம். தையல் ஆறிடுச்சு. கால்ல போட்டுக் குளிப்பாட்டக்கூடாதுன்னு மருமக சொல்றா. நான் ஏழு பேரப்புள்ளைகளைக் குளிப்பாட்டினவ.

மருமக சொல்றது சரிதாம்மா. பொருக்கு உதிர்ந்து புண் முழுசா மூடற வரைக்கும் ஈரத்துணியில துடைச்சா போதும். அதுக்கப்புறமும் கால்ல குப்புறப் போடறது, கையை நெஞ்சுக்குக் குறுக்க மாத்தி மாத்தி இழுக்கறது, மூக்குல ஊதறது, எண்ணெய் விடறது எதுவும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும்தான்.

மணப்பாறை, பாட்டி: குப்புறப் போடலைன்னா முதுகு எப்படித் தேய்க்கறது? கையை இழுத்துவிடலைன்னா உரம் விழும்.

உரம் விழுந்துச்சுன்னு சேலையில போட்டு உருட்டறது இருக்கே, அதை மட்டும் செஞ்சுடாதீங்க! கையெடுத்துக் கும்பிடறேன். உள்ளே எலும்பு இன்னும் சேரலை. வெளிய தோல் ஆறினதைப் பார்த்து உள்ளேயும் ஆறிடுச்சுன்னு நினைக்கக்கூடாது.

சென்னை, ஐடி ஊழியர்: இந்த மூடநம்பிக்கைகளால்தான் குழந்தைகள் சாகின்றன. பாட்டிகளைக் குழந்தை பக்கமே விடக்கூடாது.

சார், உங்க குழந்தையை யார் பார்த்துக்கறாங்க? எங்க வார்டுல இருந்து போற குழந்தைங்க பாதிக்கு மேல, அம்மா அரைமணி நேரம் கண்ணசரணும்னா பாட்டி மடியிலதான் இருக்கும். அவங்களை விரட்டிட்டு இடத்தை நிரப்ப நீங்க வருவீங்களா?

மதுரை: பாட்டி சொல்வதில் என்ன தப்பு? நம் முன்னோர்கள் எல்லாம் இப்படித்தானே வளர்ந்தார்கள்?

முன்னோர்கள் யாருக்கும் நெஞ்சைப் பிளந்து தைக்கலை.

மணப்பாறை, பாட்டி: சண்டை போடாதீங்க. நான் வழுக்கவிட்டதே இல்லம்மா. மருமக பிளாஸ்டிக் டப்புல வெச்சு, ஒத்தக் கையில சோப்பு, ஒத்தக் கையில புள்ள. பார்க்கவே பதறுது.

இதுல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான்தான் அவசரப்பட்டேன். சோப்புத் தண்ணியில வழுக்கற டப்பைவிட, மணையில உட்கார்ந்து நீட்டின உங்க ரெண்டு காலுக்கு நடுவுல மல்லாக்கப் படுத்த குழந்தை பத்திரமாவே இருக்கும். அதனால ஒரு ஒப்பந்தம். புண் மூடி, செக்கப்ல டாக்டர் குளிக்கலாம்னு சொன்னதும் நீங்களே குளிப்பாட்டுங்க. மல்லாக்க மட்டும். முதுகுக்கு மருமக ஏந்தித் தரட்டும், நீங்க கையை அடியில விட்டுத் தடவுங்க. தண்ணி நெஞ்சுல நேரா விழாம தோள்ல வழியட்டும். தழும்புல தேய்க்காம துணியால ஒத்தி எடுங்க. குப்புறப் போடறதைப் பத்தி 6 வாரம் கழிச்சு சர்ஜனைக் கேட்டுட்டுப் பேசிக்கலாம்.

கடலூர்: எப்போ குளிப்பாட்டலாம் சிஸ்டர்?

இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?

நாமக்கல், அம்மா: நெஞ்சுல பால் மாதிரி நீர் சேர்ந்துச்சு. 6 வாரம் தாய்ப்பால் வேண்டாம், எம்சிடிங்கற வேற வகைக் கொழுப்பு இருக்கற பவுடர்தான்னு சொல்லிட்டாங்க. மாமியார் தினமும் திட்டறாங்க.

கொழுப்பைச் சுமந்துட்டு நெஞ்சு வழியா மேல போற ஒரு குழாய் இருக்கு. நூல் மாதிரி மெலிசு, ஆபரேஷன்ல அடிபடலாம். தாய்ப்பால்ல இருக்கற கொழுப்பு அந்த வழியாத்தான் போகும், போகப்போகக் கசியும், கசிவு ஆறாது. எம்சிடி கொழுப்பு அந்தக் குழாய்க்குப் போகாம நேரா ரத்தத்துல சேர்ந்துடும். மாமியார்கிட்ட இப்படிச் சொல்லுங்க: வாய்க்கால் உடைஞ்சிருக்கு, கரை கட்டற வரைக்கும் மடையை மூடியிருக்கோம். தாய்ப்பாலை மூணு மணிக்கு ஒருதரம் பீய்ச்சி எடுத்துட்டே இருங்க, இல்லைன்னா வத்திடும். தேங்காய் எண்ணெயும் எம்சிடியும் ஒண்ணுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கோவை: தடுப்பூசி?

மற்ற ஊசிகளை எப்போ தொடங்கலாம்னு உங்க டீமைக் கேளுங்க, பொதுவா சில வாரம் தள்ளிப்போடுவாங்க. 9 மாசத்துல போடற எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கு மட்டும் தனிக் கணக்கு. ஆபரேஷன்ல ரத்தமோ பிளாஸ்மாவோ ஏத்தியிருந்தா, அதுல கடனா வந்த எதிர்ப்புச்சத்து ஊசியை வேலை செய்ய விடாது. ஆறேழு மாசம் இடைவெளி வேணும். ஏத்தின தேதியை ஊசி அட்டையிலேயே எழுதி வையுங்க.

திருநெல்வேலி: முதலமைச்சர் காப்பீட்டுல ரெண்டாவது ஆபரேஷனுக்கும் பணம் வருமா?

என் துறை இல்லை. ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டு கவுன்டர் இருக்கும், அட்டையோட போய்க் கேளுங்க.

சேலம், அம்மா: 3 வாரம் ஆச்சு. சளி இல்லை, காய்ச்சல் 101. சிணுங்கிட்டே இருக்கான், பால் குறைஞ்சிடுச்சு.

இதைப் படிச்சதும் கிளம்புங்க. பாராசிட்டமால் கொடுத்துட்டுக் காத்திருக்க வேண்டாம். புண்ணுல கிருமியா இருக்கலாம், இதயத்தைச் சுத்தி நீர் கோத்ததா இருக்கலாம். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தாத்தான் தெரியும். முகம் வெளிறி மூச்சு வாங்கினா பைக் வேண்டாம், 108 கூப்பிடுங்க. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்க.

ஈரோடு, அம்மா: கேள்வி இல்லை சிஸ்டர். குழந்தை நல்லா இருக்கு, எடை ஏறுது. எனக்குத்தான் அழுகை நிக்கலை. குக்கர் விசில் அடிச்சாக்கூட ஐசியூ அலாரம்னு ஓடறேன்.

இது கேள்விதான்மா. ஐசியூவில் இருந்த வரைக்கும் நீங்க அழலை, இல்லையா? அங்க அழ நேரமே கிடைக்காது. வீட்டுக்கு வந்து குழந்தை தூங்க ஆரம்பிச்சதும்தான் எல்லாம் சேர்ந்து வரும். நிறைய அம்மாக்கள்கிட்ட பார்த்திருக்கேன், அப்பாக்களுக்கும் வரும், வெளிய காட்டிக்க மாட்டாங்க. அடுத்த செக்கப்ல குழந்தையோட எடையைச் சொல்றப்பவே இதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா, மனநல டாக்டரைப் பாருங்க. பால் கொடுக்கற அம்மாவுக்கும் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கு. இன்னிக்கு மதியம் குக்கரை வேற யாராவது வைக்கட்டும்.

சேலம், அம்மா: அட்மிட் பண்ணிட்டாங்க. நீர்தான் கோத்திருக்காம். மருந்துல சரியாகும்னு சொல்றாங்க.

நல்ல நேரத்துல போனீங்க.

மணப்பாறை, பாட்டி: சரிம்மா, மல்லாக்கவே போடறேன். மூக்குல ஊதக்கூடாதுன்னே. காதுல?

காதுலயும்தான்மா.